ரோட்ரிகஸின் 'சுகர் மேன்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' என்ற ஆவணப்படம் பார்த்துவிட்டு வருகிறவர்களும், பாட்டை எங்கோ தற்செயலாகக் கேட்டுவிட்டு வருகிறவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே வைத்திருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லாமல், மேலே பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

'சுகர் மேன்'னா எந்தப் பாட்டு? யாரு பாடினது?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்காரர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் எழுதிப் பாடியது. மார்ச் 1970-இல் சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'கோல்ட் ஃபேக்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு. நாலு நிமிடத்துக்கும் குறைவு. ஆல்பத்தில் மொத்தம் 12 பாட்டுகள். முழுவதும் கேட்க அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும்.

மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பத்தில் ரோட்ரிகஸ் பிறந்தது 10 ஜூலை 1942-இல். ஆறாவது பிள்ளை என்பதால் சிக்ஸ்டோ என்று பெயர். 8 ஆகஸ்ட் 2023-இல் 81 வயதில் காலமானார். ஐந்தே நாள் கழித்து, அவரை வெளியிட்ட சசெக்ஸ் நிறுவனத்தின் உரிமையாளர் கிளாரன்ஸ் அவன்ட்டும் காலமானார்.

சர்க்கரை விக்கிறவனைப் பத்தின பாட்டா?

இல்லை. தெருவில் போதைப் பொருள் விற்பவனைத்தான் 'சுகர் மேன்' என்கிறது பாட்டு. பாடுகிறவன் அவனை அழைக்கிறான்: இந்தக் காட்சிகள் எனக்கு அலுத்துப்போயின, சீக்கிரம் வா, என் கனவுக்கு மறுபடி நிறம் கொண்டுவா என்று. அடுத்து வரும் வரிகளில் கஞ்சா, கோகெய்ன் போன்றவை அன்றைய தெருப் பேச்சிலேயே பட்டியலாகின்றன. 'வெள்ளி மாயக் கப்பல்கள்' என்று வருவதும் அந்தச் சரக்கைத்தான்.

அப்போ போதையை ஆதரிக்கிற பாட்டுதானே?

பல்லவியோடு நிறுத்திவிட்டால் அப்படித் தோன்றும். பின்னால் வரும் சரணத்தைக் கேளுங்கள். தூசி படிந்த தனி வழியில் ஒரு பொய் நண்பனைச் சந்தித்தேன், என் இதயம் தொலைந்தது, திரும்பக் கிடைத்தபோது அது கரிக்கட்டையாக இருந்தது என்கிறான். நிறம் கேட்டு வந்தவனுக்குக் கிடைத்தது கறுப்பு. நிறத்தில் தொடங்கிக் கரியில் முடிகிற இந்தக் கட்டமைப்பு தற்செயலாக அமைந்ததல்ல.

பிற்கால மேடைகளில் ரோட்ரிகஸும் இதைச் சொல்லிவிட்டுத்தான் பாடுவார்: இது நடப்பதை விவரிக்கும் பாட்டு, செய்யச் சொல்லும் பாட்டல்ல என்று.

இது சைகடெலிக் ராக்கா, இல்ல ஃபோக் பாட்டா?

எலும்பு ஃபோக் (கிட்டாரோடு பாடும் எளிய நாட்டுப்புறப் பாணி), தோல் சைகடெலிக் (போதை மயக்கத்தை நினைவூட்டும் விசித்திர ஒலிகள்). ஒரு கிட்டாரும் ஒரு குரலும் போதும், பாட்டு முழுமையாக நிற்கும். அதன் மேல் வழுக்கிச் செல்லும் மின்னணு ஒலிகள், எக்கோவில் கரையும் குரல், பித்தளைக் குழல்கள், வயலின்கள் எல்லாம் போர்த்தப்பட்டிருக்கின்றன. அந்தக் காலத்து சைகடெலிக் பாட்டுகள் பலவற்றில் எஃபெக்டை எடுத்துவிட்டால் மிச்சம் அதிகம் இருக்காது. இதில் இருக்கிறது. ஐம்பது ஆண்டு கடந்தும் பாட்டு நிற்பதற்கு அதுதான் முதல் காரணம் என்பது எங்கள் கருத்து.

யார் யார் வாசிச்சாங்க? எப்படிப் பதிவு பண்ணாங்க?

தயாரிப்பாளர்கள் மைக் தியோடரும் டென்னிஸ் காஃபியும். டெட்ராய்ட் ஆற்றங்கரையில் 'தி ஸூவர்' என்ற சிறிய மது விடுதியில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி பாடிக்கொண்டிருந்தவரைக் கண்டு அழைத்து வந்தவர்களும் இவர்களே. 1969-இல் டெட்ராய்ட்டின் டெரா ஷிர்மா ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. எலக்ட்ரிக் கிட்டார் காஃபி. கீபோர்டும் குழல், வயலின் ஏற்பாடுகளும் தியோடர். பேஸ் கிட்டார் பாப் பாபிட். டிரம்ஸ் ஆண்ட்ரூ ஸ்மித். பாபிட்டும் ஸ்மித்தும் டெட்ராய்ட்டின் புகழ்பெற்ற மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஃபங்க் பிரதர்ஸ் என்ற ஸ்டுடியோக் குழுவில் வாசித்தவர்கள். டெம்ப்டேஷன்ஸ் குழு 1968-இல் வெளியிட்ட 'கிளவுட் நைன்' பாட்டில் வா-வா பெடல் (காலால் அழுத்தி ஒலியை 'வா-வா' என்று மாற்றும் கருவி) கிட்டார் வாசித்தவர் இதே காஃபி. ஆக, பாட்டை எழுதியவர்தான் பெயர் தெரியாதவர். சுற்றி வாசித்தவர்கள் ஊரிலேயே தேர்ந்த கைகள்.

பதிவு செய்த வரிசை முக்கியமானது. மற்றவர்களோடு சேர்ந்து வாசிப்பது ரோட்ரிகஸுக்கு இயல்பாக வரவில்லை. அதனால் முதலில் அவருடைய குரலையும் கிட்டாரையும் மட்டும் பதிந்தார்கள். பேஸ், டிரம்ஸ், குழல், வயலின் எல்லாம் அதன் மேல் பிறகு ஏற்றப்பட்டவை. சாதாரணமாகத் தாளம் முதலில் பதிவாகும், பாடகர் அதைப் பின்தொடர்வார். இங்கே நேர்மாறு. பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் தாளமும் சற்றே தளர்வதை நீங்கள் உணர்ந்திருந்தால், காரணம் இதுதான்.

நடுவுல விசில் மாதிரி வழுக்கிட்டுப் போகுதே, அது என்ன சத்தம்?

அது ஸ்டுடியோவில் மேலேற்றிய மின்னணு ஒலி. சுருதி படிப்படியாக ஏறாமல், சாய்வுப் பலகையில் சறுக்குவதுபோல் மேலும் கீழும் போகிறது. கிட்டாரிலோ குழலிலோ எழும் ஒலி அல்ல.

ஃபோன் ஸ்பீக்கரில் இது வெறும் கீச்சொலியாகத்தான் கேட்கும், ஏனென்றால் அடியிலிருக்கும் பாபிட்டின் பேஸ் அதில் வராது. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை குழல்களைக் கவனியுங்கள். அவை குரலோடு மோதாமல் வரி முடிகிற இடத்துக்காகக் காத்திருக்கும். மூன்றாம் முறை இந்த வழுக்கொலி எங்கே வருகிறது, எங்கே விலகுகிறது என்று கவனியுங்கள்.

இவ்வளவு நல்ல பாட்டு அமெரிக்காவுல ஏன் ஓடல?

ஒற்றைக் காரணம் தேடினால் கிடைக்காது. 'புது நிறுவனம், விற்கத் தெரியவில்லை' என்ற பதில்தான் அதிகம் சொல்லப்படுகிறது. அதே சசெக்ஸ்தான் 1971-இல் பில் விதர்ஸின் 'ஐன்ட் நோ சன்ஷைன்' பாட்டை அமெரிக்கப் பட்டியலில் 3-ஆம் இடத்துக்குக் கொண்டுபோனது. இதே டென்னிஸ் காஃபியின் 'ஸ்கார்பியோ' என்ற வாத்திய இசைத்தட்டையும் 6-ஆம் இடம் வரை ஏற்றியது. ஆகவே அந்தப் பதில் முழுமையானதல்ல.

'போதைப் பாட்டு என்பதால் வானொலி ஒதுக்கியது' என்பதும் பாதி உண்மைதான். போதையைப் பற்றிய வரிகள் விஷயத்தில் வானொலி நிலையங்களை எச்சரித்து அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அறிக்கை விட்டது மார்ச் 1971-இல். ஆல்பம் வெளிவந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆனால் அறிக்கை வரும் முன்பும் இப்படி வெளிப்படையான வரிகளோடு தொடங்கும் தட்டை ஒலிபரப்ப நிலையங்கள் தயங்கியிருக்கும் என்பது நியாயமான ஊகம்.

மூன்றாவதை நாங்கள் கூடுதலாக மதிக்கிறோம். மெக்சிகோப் பெயர், ஃபோக் பாட்டு, சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் இசை) வாத்தியக்காரர்கள், சைகடெலிக் ஒலி எல்லாம் ஒரே தட்டில் இருந்தன. கடையில் எந்த அடுக்கில் வைப்பது, எந்த நிலையத்துக்கு அனுப்புவது என்று யாருக்கும் தெளிவில்லை. ரோட்ரிகஸும் மேடையேறித் தன்னை விற்கும் சுபாவம் கொண்டவரல்ல. இரண்டாவது ஆல்பம் 'கமிங் ஃப்ரம் ரியாலிட்டி' லண்டனில் ஸ்டீவ் ரோலண்ட் தயாரிப்பில் பதிவாகி 1971-இல் வந்தது. அதுவும் போகவில்லை. ஒப்பந்தம் முடிந்தது. 1975-இல் சசெக்ஸே மூடப்பட்டது.

அவரோட 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' மார்வின் கே பாட்டுதானே?

இல்லை, தலைப்பு மட்டும் ஒன்று. ரோட்ரிகஸின் பாட்டு 1970, அமெரிக்க சோல் பாடகர் மார்வின் கேயின் பாட்டு 1971. வரிகளும் மெட்டும் வேறு. குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: இரண்டு ஆல்பத்திலும் பேஸ் வாசித்தவர் பாப் பாபிட்.

ஆல்பத்துல 'சிக்ஸ்த் பிரின்ஸ்'னு எழுதியிருக்கு, வேற ஆளா?

இருவரும் ஒருவரே. ஒரே மனிதருக்கு ரோட் ரிகஸ், சிக்ஸ்த் பிரின்ஸ், ஜீசஸ் ரோட்ரிகஸ் என்று மூன்று வேறு பெயர்கள். முதலாவது 1967-இல் இம்பாக்ட் நிறுவனத்தில் வந்த 'ஐ'ல் ஸ்லிப் அவே' என்ற சிறு தட்டில் அச்சானது. மற்ற இரண்டும் சசெக்ஸ் காலத்தில் எழுத்துரிமைக் குறிப்புகளில் வந்தவை.

இந்தப் பெயர் மாற்றம் ஒரு சட்டப் பிரச்சினையின் வேர். ஹாரி பால்க் என்பவரின் கோம்பா மியூசிக் நிறுவனத்தோடு ரோட்ரிகஸ் 1966-இல் பாட்டெழுதும் ஒப்பந்தம் போட்டிருந்தார். அந்த ஒப்பந்தத்தைச் சுற்றிக்கொண்டு போகவே பெயர்கள் மாற்றப்பட்டன என்று கோம்பா 2014-இல் அவன்ட் மீது வழக்குத் தொடர்ந்தது. 'கோல்ட் ஃபேக்ட்' ஆல்பத்தில் 'ஹேட் ஸ்ட்ரீட் டயலாக்', 'கொமோரா' ஆகிய இரண்டும் ரோட்ரிகஸ் எழுதியவை அல்ல. தியோடர், காஃபி, கேரி ஹார்வி மூவரும் எழுதியவை. இதையும் பலர் கவனிப்பதில்லை.

தென்னாப்பிரிக்காவுக்கு இந்தத் தட்டு எப்படிப் போச்சு?

அமெரிக்காவில் ஓடாத தட்டு தென்னாப்பிரிக்காவில் நன்றாக ஓடியது. அமெரிக்கப் பெண் ஒருத்தி காதலனைப் பார்க்க வந்தபோது பெட்டியில் ஒரு பிரதி கொண்டுவந்தாள் என்று ஒரு கதை அங்கே உலவுகிறது. அதைக் கர்ணபரம்பரைக் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி ஒரு நாட்டை நிறைக்காது. தட்டு அங்கே உள்ளூரிலேயே ஏ அண்ட் எம் என்ற நிறுவனத்தின் முத்திரையில் அச்சாகிக் கடைகளில் விற்றது. வாங்கியவர்களிடமிருந்து கேசட்டில் பிரதி எடுத்துக் கைமாறியவை அதற்கு மேல்.

கேட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளையின நடுத்தர வர்க்க இளைஞர்கள். கட்டாய ராணுவச் சேவைக்குப் போனவர்கள் அவர்களில் நிறைய. நிறவெறி அரசின் கீழ், தொலைக்காட்சிகூட 1976 வரை வராத நாட்டில், அதிகாரத்தைக் கேள்வி கேட்டு ஆங்கிலத்தில் வந்த குரல் அது. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அரசை எதிர்த்துப் பாடிய 1980-களின் ஃபூல்ஃப்ரே இயக்கப் பாடகர்கள் இவரைத் தங்கள் தூண்டுதலாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 'தென்னாப்பிரிக்கா முழுவதும் இவரைக் கொண்டாடியது' என்று சொல்வது மிகை. கறுப்பின மக்களின் விடுதலைப் போராட்டத்துக்கு அதற்கே உரிய பாடல்கள் இருந்தன. அவர்களிடையே இவர் பெயர் அவ்வளவாகப் பரவவில்லை.

தடை பண்ணின பாட்டுன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படிக் கடையில வித்தாங்க?

தடை ஒலிபரப்புக்குத்தான், விற்பனைக்கு அல்ல. அரசு ஒலிபரப்புக் கழகமான எஸ்ஏபிசி 'சுகர் மேன்' போன்ற பாட்டுகளைத் தன் நிலையங்களில் போட அனுமதிக்கவில்லை. அதைச் செய்த விதம் முரட்டுத்தனமானது: நூலகத்திலிருந்த தட்டில் அந்தப் பாட்டு இருக்கும் பள்ளங்களின் குறுக்கே கூரிய கருவியால் கீறிவிட்டார்கள். கவனக்குறைவாக யாராவது ஊசியை வைத்தாலும் அது எகிறிவிடும். அந்தக் கீறிய தட்டை ஆவணப்படத்தில் நேரிலேயே காட்டுகிறார்கள்.

'சுகர் மேன்' முதல் பாட்டு என்பதால் அந்தக் கீறல் தட்டின் வெளி ஓரத்தில் விழுந்திருக்கும். வீட்டில் தட்டு வைத்திருந்தவர்களுக்கோ, ஊசியை வைத்ததும் முதலில் கேட்டது தடை செய்யப்பட்ட அந்தப் பாட்டுதான்.

மேடையிலேயே தற்கொலை பண்ணிக்கிட்டார்னு கேள்விப்பட்டேனே?

வதந்தி. மேடையில் தீ வைத்துக்கொண்டார் என்று ஒரு வடிவம், துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார் என்று இன்னொன்று. தென்னாப்பிரிக்காவில் பலர் இதை உறுதியாக நம்பினார்கள். ஆல்பத்தின் உறையில் பெயரும் ஒரு படமும் தவிர அவரைப் பற்றி ஏதும் இல்லை. உலகத்தோடு தொடர்பு குறைக்கப்பட்டிருந்த நாட்டில் விசாரித்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. வெற்றிடத்தை வதந்தி நிரப்பியது.

அவர் எங்கும் தொலைந்துபோகவும் இல்லை. டெட்ராய்ட்டிலேயே கட்டடங்களை இடிக்கும் வேலை, பழுதுபார்க்கும் வேலை செய்துகொண்டிருந்தார். 1976-இல் அரசு ஏலத்தில் 50 டாலருக்கு வாங்கிய பழைய வீட்டில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். 1981-இல் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றார். நகர்மன்றத் தேர்தலிலும் நின்றிருக்கிறார்.

உயிரோட இருக்கார்னு யார் கண்டுபிடிச்சது?

கேப் டவுனைச் சேர்ந்த ஸ்டீபன் செகர்மனும் பத்திரிகையாளர் கிரெய்க் பார்தலோமியூவும். செகர்மனுக்கு 'சுகர்' என்று பட்டப்பெயர் வந்ததே இந்தப் பாட்டிலிருந்துதான். 1996-இல் ரோட்ரிகஸின் இரண்டாவது ஆல்பம் அங்கே சிடியாக வந்தபோது, உறைக் குறிப்பை எழுதியவர் செகர்மன். இந்த மனிதரைத் துப்பறிய இசை ஆராய்ச்சியாளர் யாராவது இருக்கிறார்களா என்று அதில் கேட்டிருந்தார். பார்தலோமியூ தேடக் கிளம்பினார்.

தட்டு விற்ற பணம் போன வழியைத் தொடர்ந்து பார்த்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் பாட்டின் வரிகளே வழி காட்டின. 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' பாட்டில் டியர்பார்ன் என்று ஓர் ஊர்ப்பெயர் வருகிறது. வரைபடத்தில் பார்த்தால் அது டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர். அங்கிருந்து மைக் தியோடரைப் பிடித்தார்கள். இறந்துவிட்டாரா என்று கேட்டதற்கு, ரோட்ரிகஸ் உயிரோடுதான் இருக்கிறார் என்றார் அவர். 1997-இல் செகர்மன் தொடங்கியிருந்த தேடல் இணையதளத்தை ரோட்ரிகஸின் மூத்த மகள் ஈவா பார்த்து எழுதினார். மார்ச் 1998-இல் ரோட்ரிகஸ் தென்னாப்பிரிக்கா போய் ஆறு நிகழ்ச்சிகள் நடத்தினார். ஆறும் அரங்கு நிறைந்தவை.

ஆவணப்படத்துல காட்டுறது எல்லாம் உண்மைதானா?

காட்டுவது உண்மை. காட்டாமல் விட்டது பெரிது. மாலிக் பென்ஜலூல் இயக்கிய 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' 2012-இல் வந்தது. 2013-இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. பணம் தீர்ந்துபோனதால் சில காட்சிகளை ஐபோனில் ஒரு டாலர் செயலியால் எடுத்து முடித்தார் இயக்குநர். உழைப்பும் அன்பும் கொண்ட படம், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1970-களின் தொடக்கத்திலிருந்து 1998 வரை இந்த மனிதர் இசை மேடையே ஏறவில்லை என்ற எண்ணத்தோடுதான் பார்ப்பவர் வெளியே வருவார்.

ஆஸ்திரேலியாவை அந்தப் படம் அப்படியே விட்டுவிட்டது. அங்கே இறக்குமதித் தட்டுகளுக்குத் தேவை பெருகியதைப் பார்த்து ப்ளூ கூஸ் மியூசிக் என்ற நிறுவனம் உரிமை வாங்கியது. 1977-இல் 'அட் ஹிஸ் பெஸ்ட்' என்ற தொகுப்பை வெளியிட்டது. 1979-இல் ரோட்ரிகஸே அங்கே போய்ப் பாடினார். அந்தப் பயணத்தின் நேரடிப் பதிவு 'அலைவ்' என்ற பெயரில் 1981-இல் வந்தது. செத்துவிட்டார் என்ற வதந்திக்கு அந்தத் தலைப்பே பதில். 1981-இல் மிட்நைட் ஆயில் என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவோடு சேர்ந்து இரண்டாவது பயணமும் போனார்.

எங்களுக்கு இது சின்ன விடுபடல் அல்ல. பாட்டு ஒரே நாட்டில் அதிசயமாக உயிர்பிழைத்தது என்பது படம் சொல்லும் கதை. இரண்டு நாடுகளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், அச்சடித்தவரும் விற்றவரும் கேசட்டில் பிரதி எடுத்தவருமாகப் பல கைகள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன என்பதே நடந்தது.

அத்தனை வித்தும் அவருக்கு ஒரு காசு வரலையா?

'கோல்ட் ஃபேக்ட்', 'அட் ஹிஸ் பெஸ்ட்' இரண்டும் தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினம் (மிக அதிக விற்பனைக்குத் தரும் சான்று) அளவுக்கு விற்றன. அது அவருக்குத் தெரியாது, பணமும் வந்து சேரவில்லை. தென்னாப்பிரிக்க நிறுவனத்தினர் அமெரிக்காவுக்கு ராயல்டி (விற்பனையில் கலைஞருக்குச் சேரும் பங்கு) அனுப்பியதாகப் படத்தில் சொல்கிறார்கள். அதே படத்தில் இதைக் கேட்டபோது அவன்ட் கோபப்படுகிறார், பதில் தரவில்லை. 1970-ஆம் வருட ஒப்பந்தத்தைப் பற்றி இப்போது யார் கவலைப்படுவார்கள் என்ற தோரணையில் பேசுகிறார். அதற்கு மேல் யாரையும் குற்றவாளி என்று நாம் முடிவுகட்ட முடியாது. மேலே 'சிக்ஸ்த் பிரின்ஸ்' கேள்வியில் சொன்ன பெயர்க் குழப்பமும் இதில் சேர்ந்துகொள்கிறது.

அவருக்குப் பணம் போய்ச்சேர வேண்டும் என்று நினைத்து வாங்கியவர்களுக்காகவே, 2012-இல் வந்த படத்தின் இசைத்தட்டு உறையில் 'இதன் விற்பனையிலிருந்து ரோட்ரிகஸுக்கு ராயல்டி போகிறது' என்று அச்சிட்டிருந்தார்கள். ஓர் உறையில் இதைத் தனியாக எழுத வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

எந்தப் பதிப்பு வாங்கலாம்?

கேட்பதற்கு என்றால், சியாட்டிலின் லைட் இன் தி அட்டிக் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட மறுபதிப்பு போதும். விரிவான உறைக் குறிப்பும் உண்டு. முதல் அச்சு வேண்டும் என்பவர்கள் சசெக்ஸ் முத்திரையையும் எஸ்எக்ஸ்பிஎஸ் 7000 என்ற எண்ணையும் பாருங்கள். உறையில் மட்டுமல்ல, தட்டின் நடு லேபிளிலும் பாருங்கள்; பழைய உறைக்குள் வேறு தட்டைச் செருகி விற்பது நடக்கிறது. ஆஸ்திரேலிய ப்ளூ கூஸ், தென்னாப்பிரிக்க ஏ அண்ட் எம் அச்சுகளுக்கு வரலாற்று மதிப்பு உண்டு. அவற்றை வாங்கினால் அதற்காக வாங்குங்கள், ஒலிக்காக அல்ல.

பழைய தட்டு வாங்கினேன். முதல் பாட்டு மட்டும் கரகரங்குது, மத்ததெல்லாம் சரியா இருக்கு. ஏன்?

முதல் பாட்டு வெளி ஓரத்தில் இருக்கிறது. ஒலித்தரத்துக்கு அது நல்ல இடம். 33⅓ சுழற்சியில் வெளி ஓரத்துப் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடும். உள் ஓரத்தில் 21 சென்டிமீட்டர்தான். வேகம் கூடினால் நுண்ணிய ஒலி தெளிவாக விழும். ஆனால் கை படுவதும், ஊசி தடாலென்று இறங்குவதும், தட்டு வளைந்தால் அதிகம் துள்ளுவதும் அதே ஓரத்தில்தான். இந்த ஆல்பத்தில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட பாட்டும் அதுவே.

தேய்மானமா அழுக்கா என்று இப்படிப் பிரித்துப் பாருங்கள். பாட்டு தொடங்கும் முன் உள்ள மௌனத்திலும் பொரிகிறதென்றால் அழுக்கு. மௌனம் சுத்தமாக இருந்து, குரல் உயரும் இடத்தில் மட்டும் கிழிந்த மாதிரி கேட்டால் பள்ளம் தேய்ந்துவிட்டது. அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. அழுக்கு என்றால் ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு விட்டு, மென்துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே துடைக்கக் கூடாது. லேபிள் நனையக் கூடாது. வெறும் காய்ச்சி வடித்த நீரால் மறுபடி துடைத்து, நிறுத்திவைத்து ஒரு மணி நேரமாவது உலரவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு பள்ளத்தில் படியும்.

இந்த மாதிரி வீட்டுல ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்ண முடியுமா?

முடியும். வரிசை மாறக் கூடாது, அவ்வளவுதான். கணினியில் தாளத்தைப் போட்டுவிட்டு அதன் மேல் பாடினால் இந்தத் தன்மை வராது. முதலில் குரலையும் கிட்டாரையும் ஒரே நேரத்தில் பதியுங்கள். ஒரு மைக் வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டரில், மற்றொன்று கிட்டாரின் 12-ஆம் கட்டைக்கு எதிரே 25 முதல் 30 சென்டிமீட்டரில். இரண்டும் முன்பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு வகையாக இருக்கட்டும். குரல் மைக்கின் முதுகு கிட்டாரைப் பார்க்கும்படி சாய்த்தால் கலப்பு குறையும், முழுதாக நிற்காது. அதனால் நடுவில் பிசகினால் குரலை மட்டும் மாற்ற முடியாது, முழுதும் மறுபடி பாட வேண்டும்.

பாடத் தொடங்கும் முன் நாலு முறை தட்டிப் பதிந்துவிடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு பேஸ் வாசிக்க வருகிறவருக்கு எந்த இடத்தில் நுழைவது என்று தெரியாமல் போகும். வாசிப்பவர் அந்தப் பதிவைப் பத்து முறையாவது கேட்டு, பாடகர் எங்கே தளர்கிறார், எங்கே முந்துகிறார் என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பேஸ் முதலில், டிரம்ஸ் அடுத்து. குழலோ கீபோர்டோ வரி முடிவுகளில் மட்டும்.

எக்கோ கடைசியில். அன்றைய டேப் எக்கோவின் கணக்கு எளிது: நாடா இயந்திரத்தில் ஒலியைப் பதியும் தலைக்கும் அதைப் படிக்கும் தலைக்கும் 2 அங்குல இடைவெளி என்றால், நொடிக்கு 7½ அங்குலம் ஓடும் நாடாவில் எதிரொலி சுமார் 0.27 நொடி கழித்து வரும். 15 அங்குல வேகத்தில் 0.13 நொடி. கணினியில் 270 அல்லது 130 மில்லிநொடி வைத்து, எதிரொலியின் கீச்சுப் பகுதியை 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிட்டால் அதற்கு நெருக்கமாக வரும். வழுக்கொலிக்கு ஒரு சாதாரண சைன் அலையை ஒன்றிரண்டு நொடியில் ஓர் ஸ்தாயி ஏற்றி இறக்குங்கள். குரலைவிட 15 டெசிபல் கீழே வையுங்கள். பாடும் வரிகளுக்கு நடுவே கொண்டுவந்தால் சொற்கள் புரியாமல் போகும். எஃபெக்டை எல்லாம் அணைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். அப்போதும் பாட்டு நின்றால் மிக்ஸ் சரி.

1998-க்கும் 2012-க்கும் நடுவுல பாட்டு எங்க இருந்துச்சு?

பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தோண்டி எடுப்பவர்களிடம் இருந்தது. 2001-இல் ராப் பாடகர் நாஸ் தன் 'ஸ்டில்மாட்டிக்' ஆல்பத்தின் 'யூ'ர் டா மேன்' பாட்டில் 'சுகர் மேன்' பாட்டின் துண்டைச் சேர்த்தார். 2002-இல் வட அயர்லாந்து டிஜே டேவிட் ஹோம்ஸ் தன் தொகுப்பு ஆல்பத்தில் மூலப் பதிவையே வைத்தார். 2008 மறுபதிப்பு வந்ததற்கு அதுவரை சேர்ந்திருந்த இந்தச் சிறு கவனங்கள்தான் தளம் போட்டன. ஆவணப்படம் வந்தது அதற்கும் நாலு வருடம் கழித்து.

மூணாவது ஆல்பம் ஏதாவது இருக்கா?

முழு ஆல்பம் இல்லை. மூன்றாவதற்காகத் தொடங்கிய பதிவில் மூன்று பாட்டுகள் முடிந்திருந்தன: 'கான்ட் கெட் அவே', 'ஸ்ட்ரீட் பாய்', 1967 தட்டின் 'ஐ'ல் ஸ்லிப் அவே' மறுபதிவு. மூன்றும் மேலே சொன்ன 1977 ஆஸ்திரேலியத் தொகுப்பில் வெளிவந்தன. 'சுகர் மேன்' கேட்டுவிட்டு அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு: முதலில் 'கோல்ட் ஃபேக்ட்' ஆல்பத்தில் 'க்ரூசிஃபை யுவர் மைண்ட்', 'ஐ வொண்டர்', பிறகு இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'காஸ்', அதன் பிறகு இந்த மூன்று.